கொட்டாஞ்சேனை, 5×7 அடி பின்பக்கம்: உடுப்புத் தோய்க்கிற அறையாக மாற்ற எதை முதலில் செய்ய வேணும்?

கொட்டாஞ்சேனை13

வணக்கம் எல்லாருக்கும். பழைய வரிசை வீடு. குசினிக்குப் பின்னால் 5 அடி அகலம், 7 அடி நீளத்தில் ஒரு இடம் இருக்கு. இப்போ வெறும் சீமெந்து நிலம், ஒரு பைப், ஒரு தோய்க்கிற கல், மேலே ஆஸ்பெஸ்டஸ் தகடு. இதை ஒழுங்கான உடுப்புத் தோய்க்கிற அறையாக மாற்ற வேணும். 8 கிலோ முன்பக்கம் திறக்கிற மெஷின், பக்கத்தில் ஒரு சிங்க், மேலே ராக்கை, மழைக்காலத்தில் உடுப்புக் காயப்போட கம்பி. இவ்வளவுதான் திட்டம்.

அளவுகள் இதோ. குசினி நிலம் பின்பக்க நிலத்தைவிட 4 அங்குலம் உயரம். வெளியே கலி (வீட்டுக் கழிவுத் தண்ணீர் விழுகிற குழி) 12 அடி தூரத்தில் இருக்கு. தண்ணீர்த் தாங்கி சிலாப்புக்கு மேல், பின்பக்க நிலத்திலிருந்து தாங்கியின் அடிக்கு 13 அடி. ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர், பழைய கபுக் கல் (செம்புரைக்கல்), நிலத்திலிருந்து 2 அடி உயரத்துக்கு ஈரக்கறை. மற்றச் சுவர்கள் 4½ அங்குலச் செங்கல். கரண்ட், குசினியிலிருந்து இழுத்த ஒரு 5 அம்பியர் உருண்டைப் பின் சொக்கெட்.

டைல் ஒட்ட மட்டும் மேசன் பாஸ் ஒருவரைப் பிடிக்கலாம், மிச்சத்தை வீட்டு ஆட்களே செய்யலாம் என்று நினைக்கிறோம். எதை முதலில் தொட வேணும்?

குழாய்வேலை

மெஷின், டைல் நிறம், ராக்கை எல்லாத்தையும் ஓரமாக வையுங்க. முதல் கேள்வி ஒன்றே ஒன்று: அழுக்குத் தண்ணீர் எந்த மட்டத்தில் வெளியே போகும்? அது தெரியாமல் ஒரு டைலும் வாங்க வேண்டாம். மட்டம் சரி வராத இடத்தில் ஒட்டின டைலை மறுபடி உடைக்கிறதுதான் இந்த வேலையில் ஆகப்பெரிய நட்டம்.

20 அடி நீளத் தெளிந்த டியூப் ஒன்றில் தண்ணீர் நிரப்புங்க. உள்ளே காற்றுக் குமிழி ஒன்றும் இருக்கக் கூடாது. ஒரு முனையைப் பின்பக்க நிலத்திலும் மறு முனையைக் கலிக்குப் பக்கத்திலும் பிடித்தால் இரண்டு இடத்து மட்ட வித்தியாசம் தெரியும். நிலத்துக்குக் கீழே எத்தனை அங்குலத்தில் கலிக்குள் பைப் நுழைய இடம் இருக்கு என்று அளந்து போடுங்க. பைப் வாய் கலியில் நிற்கிற தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேணும், அதையும் பாருங்க.

கணக்கு இப்படி. கழிவுப் பைப்புக்கு 40க்கு 1 சரிவு நல்லது. 12 அடி என்றால் 144 அங்குலம், அதை 40ஆல் பிரித்தால் 3.6 அங்குலம் இறக்கம் வேணும். அதைவிடக் குறைந்தால் சவர்க்கார நுரையும் உடுப்புப் பஞ்சும் பைப்பின் அடியில் படியத் தொடங்கும். 80க்கு 1 வரை சமாளிக்கலாம், ஆனால் வருசத்துக்கு இரண்டு தரம் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய நேரிடும்.

கொட்டாஞ்சேனை13

அளந்தோம். பின்பக்க நிலத்துக்கு 2 அங்குலம் கீழேதான் கலிக்குள் பைப் நுழைய ஏலும். அதற்குக் கீழே கலியின் தண்ணீர் நிற்கிறது. இப்போ என்ன செய்வது?

குழாய்வேலை

நல்ல வேளை, டைல் ஒட்ட முன் அளந்தீங்க. 2 அங்குலத்துக்குள் நிலத்தில் டிராப் (நாற்றம் வராமல் தண்ணீர் தேங்கி அடைக்கிற வளைவு) வைக்கவே ஏலாது. நிலத்து டிராப்புக்கு 2 அங்குல நீர்முத்திரை, உடம்பு எல்லாம் சேர்த்து 4 அங்குலமாவது ஆழம் கேட்கும். ஆகவே இரண்டு தண்ணீரையும் பிரியுங்க.

நிலத்துத் தண்ணீர்: டிராப் போட வேண்டாம். ஆகத் தாழ்ந்த மூலையில் சுவரில் துளை போட்டு 63 மில்லிமீற்றர் பைப்பை நில மட்டத்திலேயே வெளியே எடுங்க. பைப்பின் உள் அடி, டைலின் மேல் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்க வேணும். வெளியே இருக்கிற கலியிலேயே நீர்முத்திரை இருக்கிறதால் நாற்றம் உள்ளே வராது. கரப்பான் வராமல் இருக்க, கழற்றிக் கழுவக்கூடிய ஸ்டெயின்லெஸ் வலை ஒன்றை வாயில் போடுங்க. இப்போ கணக்கைப் பாருங்க. புது நிலம் அந்த மூலையில் சுமார் 1.3 அங்குலம் உயரும், அதாவது சீமெந்துப் பூச்சு 20 மிமீ, ஒட்டுப் பசை 4, டைல் 9. பழைய 2 அங்குலத்தோடு சேர்த்தால் 3.3 அங்குல இறக்கம். 144ஐ 3.3ஆல் பிரித்தால் ஏறக்குறைய 44. 44க்கு 1, காணும்.

மெஷின் தண்ணீர்: இது நிலத்துக்கு வரவே கூடாது. சுவரோடு 63 மிமீ நிமிர்ந்த பைப் ஒன்று, வாய் நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றர் உயரத்தில். கீழே பி-டிராப், அதுவும் நிலத்துக்கு மேலேயே இருக்கட்டும். அங்கிருந்து சுவரைத் துளைத்துத் தனிப் பைப்பாகக் கலிக்குப் போகட்டும். நிலத்துப் பைப்போடு இணைக்க வேண்டாம். மெஷினின் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிற வேகத்தில், இணைத்த பைப்பில் நுரையோடு திரும்பி வலை வழியாக உங்கட நிலத்துக்கே வரும்.

75 சென்ரிமீற்றர் என்றதுக்குக் காரணம் இருக்கு. வாய் 60க்குக் கீழே போனால், மெஷினுக்குள் வருகிற தண்ணீர் தானாகவே கழிவுக் குழாய் வழியாக இழுபட்டு ஓடும். மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும், நிரம்பவே மாட்டாது. 1 மீற்றருக்கு மேலே போனால் பம்ப் தள்ளச் சிரமப்படும். குழாயை நிமிர்ந்த பைப்புக்குள் 10 முதல் 15 சென்ரிமீற்றர் மட்டும் விடுங்க. சுற்றிவரக் காற்றுப் போக இடைவெளி இருக்க வேணும். சிலர் நாற்றத்துக்குப் பயந்து சிலிக்கனால் அடைப்பாங்க. அப்படி அடைத்தால் மேலே சொன்ன அதே இழுப்புத்தான் மறுபடியும்.

முக்கியமான ஒன்று. மழைத்தண்ணீர்க் கானுக்குள் சவர்க்காரத் தண்ணீரை விட வேண்டாம். கிட்ட இருக்கு என்று சிலர் அப்படிச் செய்வாங்க. அது நேரே கால்வாய்க்குப் போகிற தண்ணீர்.

நீர்மட்டம்

குழாய்வேலை சொன்ன மட்டத்தை வைத்து நிலத்தைச் சொல்றேன்.

சரிவு 80க்கு 1. 7 அடி நீளத்துக்கு ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. தாழ்ந்த மூலையில் 1.3 அங்குலம் உயர்ந்தால் குசினி வாசல் பக்கம் 2.35 அங்குலம் உயரும். குசினி 4 அங்குலம் மேலே, ஆகவே வாசலில் 1½ அங்குலத்துக்கு மேல் படி மிஞ்சும். மெஷின் குழாய் கழன்றாலும் குசினிக்குள் உடனே தண்ணீர் ஏறாது. நல்ல அமைப்பு, அந்தப் படியைக் குறைக்க வேண்டாம்.

பழைய சீமெந்து நிலத்தை முழுசாக உடைக்கத் தேவையில்லை. சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்க. டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் கேட்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுங்க. மிச்சத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, ஈரமாக இருக்கும்போதே சீமெந்துக் கூழ் பூசி, அது காய முன் 1:3 சீமெந்து மணல் கலவையில் சரிவைக் கட்டுங்க. மணல் அரித்த மணலாக இருக்கட்டும், தண்ணீர் குறைவாக. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேணும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. கூடத் தண்ணீர் விட்ட கலவைதான் ஒரு வாரத்தில் வெடிக்கிறது. மூன்று நாள் ஈரச்சாக்குப் போட்டு வையுங்க.

அடுத்தது நீர்த்தடுப்பு. பொடியும் பால் மாதிரித் திரவமும் தனித்தனியாக வருகிற சீமெந்து வகைப் பூச்சைத் தெரிவு செய்யுங்க. நிலம் 35 சதுர அடி, சுவரில் 1 அடி உயரத்துக்கு 22 சதுர அடி, மொத்தம் 57, அதாவது 5.3 சதுர மீற்றர். இரண்டு கோட்டுக்கும் சேர்த்து சதுர மீற்றருக்கு 3 முதல் 4 கிலோ போகும். 20 கிலோ வாங்கினால் சரி. நிலமும் சுவரும் சேர்கிற மூலையில் முதலில் கலவையால் சின்ன உருண்டைச் சரிவு ஒன்று பிடித்து, அதன் மேல் வலைப் பட்டி பதித்துப் பூசுங்க. கசிவு வருகிறது எப்போதும் அந்த மூலையிலும், பைப் சுவரைத் துளைக்கிற இடத்திலும்தான். நடு நிலத்தில் வராது. இரண்டாவது கோட் முதலாவதுக்குக் குறுக்காகப் போக வேணும்.

காய்ந்த பிறகு பைப் வாயைத் துணியால் அடைத்து, தாழ்ந்த மூலையில் 2 அங்குலம் நிற்கிற மாதிரித் தண்ணீர் விட்டு 24 மணித்தியாலம் விடுங்க. சுவரில் பென்சிலால் மட்டத்தைக் கீறி வையுங்க. கீழே மண் என்பதால் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கோடு மட்டும்தான் சொல்லும். ஆவியாகி ஓரிரண்டு மில்லிமீற்றர் குறைவது சாதாரணம். அரை அங்குலம் குறைந்தால் கசிவு.

டைல், 12×12 அங்குலம், வழுக்காத சொரசொர முகம். 2 அடி டைல் இந்த இடத்துக்கு வேண்டாம். பெரிய டைல் சரிவுக்கு வளையாது, மூலையில் உதடு தூக்கும், அங்கே தண்ணீர் நிற்கும். நிலத்துக்கு 39, சுவருக்கு 4 அடி உயரத்துக்கு 86 சதுர அடி, கழிவு 10 வீதம் சேர்த்து 95. ஒட்டுப் பசை 25 கிலோ பை மூன்று. டைலின் நடுவில் நாலைந்து உருண்டை வைத்து ஒட்டுகிற பழக்கத்தை விடச் சொல்லி பாஸிடம் கட்டாயம் சொல்லுங்க. பல்லுக் கரண்டியால் முழுதும் இழுத்து ஒட்ட வேணும். 70 கிலோ மெஷின் 1200 சுற்றில் நடுங்கும்போது, அடியில் வெற்றிடம் உள்ள டைல் காலுக்குக் கீழேயே வெடிக்கும்.

எர்த்லைன்

கரண்ட் பகுதி. இதை வீட்டு ஆட்கள் செய்ய வேண்டாம். ஆனால் என்ன செய்ய வேணும் என்று தெரிந்திருந்தால்தான் வருகிறவரிடம் சரியாகக் கேட்க ஏலும்.

தண்ணீரைச் சூடாக்குகிற முன்பக்க மெஷின் 2000 முதல் 2200 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் 9 முதல் 10 அம்பியர். 5 அம்பியர் சொக்கெட்டில் அடப்டர் மாட்டிக் கொடுத்தால் உருண்டைப் பின் சூடாகி, சொக்கெட்டின் பிளாஸ்டிக் மஞ்சளாகி, பிறகு கருகும். டிபியிலிருந்து (வீட்டு மெயின் கரண்ட் பெட்டி) தனி வயர் இழுங்க. 2.5 சதுர மில்லிமீற்றர், கடையில் 7/0.67 என்று கேட்டால் தருவாங்க. அதே அளவில் எர்த் வயர், 16 அல்லது 20 அம்பியர் எம்சிபி (கரண்ட் கூடினால் தானாக விழுகிற ஸ்விட்ச்), முனையில் 13 அம்பியர் சதுரப் பின் சொக்கெட். அயர்னுக்கு இன்னொரு சொக்கெட் வேணும் என்றால் அதற்கும் தனி லைன். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் 20 அம்பியர் நெருங்கும்.

சொக்கெட்டை மெஷினுக்குப் பின்னால் வைக்க வேண்டாம், பிளக்கைக் கழற்ற மெஷினை இழுக்க வேண்டி வரும். பக்கச் சுவரில், நிலத்திலிருந்து 4 அடி உயரத்தில், சிங்க்கிலிருந்தும் பைப்பிலிருந்தும் குறைந்தது 2 அடி தள்ளி, மூடியுள்ள, தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாத ஐபி 55 தரப் பெட்டிக்குள். வயர் மேலிருந்து இறங்கினால் பெட்டிக்குள் நுழைய முன் கீழே ஒரு வளைவு விடுங்க. வயரோடு வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டும்.

எர்த் பற்றித்தான் பயம். பழைய வரிசை வீடுகளில் சொக்கெட்டில் மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் வயர் எங்கேயும் போகாது. இல்லாவிட்டால் முன்பு இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பாங்க, அந்தக் குழாயைப் பிவிசியாக மாற்றின அன்றே எர்த் போயிருக்கும். மெஷினுக்குள் நொய்ஸ் ஃபில்டர் ஒன்று இருக்கு. அதன் இரண்டு கபாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புத் தகட்டுக்கு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் தகடு நடுவில் தொங்கும், அளந்தால் 115 வோல்ட் கிட்டக் காட்டும். ஈரக்கையால் தொட்டால் சுள் என்று இழுக்கிறது அதுதான். மெஷின் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பாங்க, புது மெஷினிலும் அதேதான் வரும். அந்தக் கசிவு சின்னது. ஆனால் ஹீட்டரில் உண்மையான பழுது வந்தாலும் இதே சுள் என்றுதான் தொடங்கும். அதனால் பழகிப் போச்சு என்று விடக் கூடாது.

எர்த் ரொட்டை மீற்றரால் சோதிக்கச் சொல்லுங்க. ட்ரிப் ஸ்விட்ச் 30 மில்லி அம்பியராக இருக்க வேணும். பழைய வீடுகளில் 100 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் இன்னும் இருக்கு, அது தீயைத் தடுக்கும், ஆளைக் காப்பாற்றாது. மாதத்துக்கு ஒரு தரம் டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்க.

கொட்டாஞ்சேனை13

நன்றி அண்ணாமார். தாங்கி மட்டம் 13 அடி என்று எழுதினேன். மெஷினுக்குத் தண்ணீர் அழுத்தம் காணுமா?

குழாய்வேலை

காணாது. தாங்கியின் அடி 13 அடி, அதாவது 4 மீற்றர். மெஷினின் தண்ணீர் வாய் நிலத்திலிருந்து 0.9 மீற்றரில். மிச்சம் 3.1 மீற்றர். 10 மீற்றர் உயரத்துக்கு 1 பார் என்று எடுத்தால் 0.31 பார். பெரும்பாலான முன்பக்க மெஷின்களின் தகட்டில் குறைந்தது 0.05 எம்பிஏ என்று இருக்கும், அது 0.5 பார். அதற்கு மெஷின் வாயிலிருந்து 5 மீற்றர், நிலத்திலிருந்து 6 மீற்றருக்குத் தாங்கி வேணும். பைப்பிலும் எல்போக்களிலும் இழக்கிறது அதற்கு மேல்.

தண்ணீர் வருதுதானே, மெதுவாக வந்தால் என்ன என்று கேட்பாங்க. உள்ளே இருக்கிற வால்வின் ரப்பர் விரிப்பு, தண்ணீரின் அழுத்தத்தாலேயே திறந்து மூடுகிற அமைப்பு. அழுத்தம் குறைந்தால் பாதி திறக்கும், சில வேளை முழுசாக மூடாது. நிறுத்தி வைத்த மெஷினின் டிரம்மில் காலையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது அப்படித்தான். குறித்த நேரத்துக்குள் நிரம்பாவிட்டால் எல்ஜியில் ஐஈ, சாம்சுங்கில் 4சி என்று காட்டி நின்றுவிடும்.

வழி, தாங்கியிலிருந்து வருகிற லைனில் சின்ன ஒட்டோமெட்டிக் பூஸ்டர் பம்ப், 100 வாட் போல. இரண்டு பக்கமும் யூனியன், முன்னால் வலை வடி, கழற்றிப் பழுது பார்க்கும்போது தண்ணீர் விட ஒரு பைபாஸ் வால்வ். தெருக் குழாயிலிருந்து வருகிற லைனில் பம்ப்பைப் போடவே கூடாது. அழுத்தம் இல்லாத நேரத்தில் அது அக்கம்பக்கத்துக் குழாய்களை உறிஞ்சும், வெடிப்பு இருக்கிற இடத்தில் கான் தண்ணீரும் உள்ளே வரும்.

பழைய_சோனகத்_தெரு

பம்ப் இல்லாமலும் ஏலும் என்பது என் கருத்து. இரட்டைத் தொட்டி செமி ஒட்டோ மெஷினில் அந்த வால்வே இல்லை, பைப்பைத் திறந்தால் தண்ணீர் விழும். அழுத்தம் ஒரு பிரச்சினையே இல்லை, பழுதும் குறைவு. 5 அடி அகலத்தில் முன்பக்க மெஷினின் கதவு திறக்கிற இடத்தையும் யோசிக்க வேணும்.

குழாய்வேலை

செமி ஒட்டோவில் ஒவ்வொரு தரமும் ஈர உடுப்பைக் கையால் தூக்கி மறு தொட்டிக்குள் போட வேணும், கூடத் தண்ணீரும் செலவாகும். வீட்டில் இடுப்பு வலி, முதுகு வலி உள்ளவங்க இருந்தால் யோசிக்க வேண்டியது அது. மேல்வாய் ஒட்டோவை எடுத்தாலும் தகட்டைப் பாருங்க, சிலதுக்கு 0.03 எம்பிஏ காணும். ஆனால் உங்கட 0.31 பார் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது, பைப் இழப்போடு கீழே விழும். இடத்தைப் பொறுத்தவரை, மெஷின் ஆழம் 60 சென்ரிமீற்றர், பின்னால் குழாய்களுக்கு 10. 152 சென்ரிமீற்றர் அகலத்தில் 82 மிச்சம். கதவு திறந்து குனிந்து உடுப்பு எடுக்கக் காணும்.

லைனை 25 மிமீ பைப்பில் கொண்டுவந்து, மெஷினுக்குக் கிட்ட மட்டும் 20 மிமீ ஆக்குங்க. முழுதும் 20 மிமீ போட்டால் இருக்கிற அழுத்தத்தையும் இழப்பீங்க. மெஷின் குழாயின் மரை முக்கால் அங்குலம், அந்த வாயுள்ள வாஷிங் மெஷின் டேப் என்றே கேளுங்க. பிளாஸ்டிக் மரையில் இரும்பு டேப்பை மாட்ட வேண்டாம், பித்தளை மரையுள்ள ஃபோசெட் எல்போ போடுங்க. ஒரு தரம் அதிகமாக முறுக்கினால் பிளாஸ்டிக் சுவருக்குள்ளேயே வெடிக்கும், டைல் ஒட்டின பிறகுதான் தெரியும். கம் ஒட்டின மூட்டுகளுக்கு 24 மணித்தியாலம் விட்டு, டைலுக்கு முன் ஒரு இரவு முழுதும் தண்ணீரைத் திறந்து வைத்துப் பாருங்க.

மெஷின் வாயில் விரல் நுனி அளவு வலை ஒன்று இருக்கும். புது லைன் போட்ட முதல் வாரத்தில் அதைக் கழற்றுங்க. பிவிசி அரத்தின வெள்ளைத் துகள், மரையில் சுற்றின சீல் டேப் துண்டு, தாங்கியின் அடிமண் எல்லாம் பசை மாதிரி ஒட்டியிருக்கும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்க. அழுத்தம் போச்சு என்று முறைப்பாடு வருகிறதில் நிறைய அந்த வலைதான்.

நீர்மட்டம்

ஈரச் சுவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய கபுக் சுவர் என்றால் உள்ளே சுண்ணாம்புக் கலவையாக இருக்கும். நிலத்து ஈரம் அதற்குள் ஏறி, மேற்பரப்பில் ஆவியாகிக்கொண்டே இருக்கு. அந்த முகத்தை டைலாலும் சீமெந்துப் பூச்சாலும் மூடினால் ஈரம் இன்னும் மேலே ஏறும். 2 அடிக் கறை 4 அடியாகும், அல்லது பக்கத்து வீட்டுப் பக்கம் வரும்.

ஆகவே அந்தச் சுவரில் டைல் ஒரு அடி மட்டும், நீர்த்தடுப்பு ஏறுகிற உயரம் வரை. கறைக்கு ஒரு அடி மேல் வரை, அதாவது 3 அடிக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, வெள்ளை உவரைக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளுங்க. தண்ணீரால் கழுவினால் உவர் திரும்ப உள்ளே போகும். மூன்று நாலு கிழமை திறந்து விட்டு, சுண்ணாம்பு சேர்த்த மெல்லிய பூச்சு. பெயின்டுக்கு முன் பூசுகிற சுவர்ப் பட்டி வேண்டாம், பிளாஸ்டிக் பெயின்டும் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளை காணும். சிங்க், மெஷின், பைப் எல்லாம் செங்கல் சுவர்ப் பக்கம் போகட்டும். முன்பு போட்ட 86 சதுர அடிக் கணக்கு இதனால் 65க்கு இறங்கும். 10 வீதம் சேர்த்து 72 வாங்குங்க, பசை இரண்டு பை காணும்.

கபுக்கில் ரோல் பிளக் (ஸ்க்ரூவுக்காகத் துளையில் அடிக்கிற பிளாஸ்டிக் பிளக்) பிடிக்காது, கல் உதிரும். பாரமான எதையும் அதில் தொங்கவிட வேண்டாம்.

வெள்ளவத்தை_கடற்பக்கம்

காயப்போடுகிற பகுதிக்குச் சில விசயம். 7 கிலோ பருத்தி உடுப்பு மெஷினில் சுழன்று வந்த பிறகும் 10, 11 கிலோ நிறுக்கும். அந்த 3, 4 லீற்றர் தண்ணீர் முழுதும் உங்கட 5×7 அறைக்குள்தான் ஆவியாகப் போகுது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழையிலும், ஒக்டோபர் நவம்பரிலும் வெளிக்காற்றே ஈரம். அப்போ சூட்டைவிடக் காற்றோட்டம்தான் வேலை செய்யும்.

9 அடி உயரம் என்று வைத்தால் அறை 315 கன அடி. மணித்தியாலத்துக்கு 15 தரம் காற்று மாற வேணும் என்றால் நிமிடத்துக்கு 79 கன அடி. 6 அங்குல எக்ஸோஸ்ட் ஃபேனின் பெட்டியில் அந்த இலக்கத்தைப் பார்த்து வாங்குங்க. ஃபேன் மேலே ஒரு பக்கம், காற்று வருகிற வழி எதிர்ப்பக்கம் கீழே. கதவுக்கு அடியில் ஒரு அங்குல இடைவெளி, அல்லது 6 அங்குல லூவர். காற்று உள்ளே வர வழி இல்லாத அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான் போடும். இது பலர் விடுகிற பிழை.

கம்பிகளுக்கு இடையில் 15 சென்ரிமீற்றர் விடுங்க. 4 கம்பி நெருக்கமாகப் போடுவதைவிட 3 கம்பி தள்ளிப் போட்டால் சீக்கிரம் காயும். கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறவங்க 304 தர ஸ்டெயின்லெஸ்ஸிலும் தேயிலைச் சாயம் மாதிரிக் கறை வரும் என்று தெரிந்து வாங்குங்க, 316 நிற்கும். கடலிலிருந்து தள்ளி இருந்தால் 304 காணும். ஆனால் ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். வெள்ளை முலாம் பூசின சாதா ஸ்க்ரூ ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் சொட்டும்.

ராக்கைக்கு எம்டிஎஃப் வேண்டாம், ஈரத்தில் பாண் மாதிரி ஊதும். அலுமினியச் சட்டமும் பிவிசிப் பலகையும் போதும். மெஷினுக்கு மேலே பலகை வைத்தால் மெஷினைத் தொடாமல் ஒரு அங்குலம் இடைவெளி விடுங்க.

தொடர்மாடியில் இருக்கிறவங்க யாராவது இதைப் படித்தால், பல்கனியை இப்படி மாற்ற முன் கட்டட முகாமைத்துவத்திடம் எழுத்தில் அனுமதி எடுங்க. மழைத்தண்ணீர் இறங்குகிற பல்கனிப் பைப்பில் மெஷின் தண்ணீரை விட்டால் கீழ் வீட்டு பல்கனியில் நுரை பொங்கும்.

எர்த்லைன்

கூரை ஆஸ்பெஸ்டஸ் என்று சொன்னீங்க. கம்பி தொங்கவிட, ஃபேன் வைக்க, அந்தத் தகட்டில் கிரைண்டரும் டிரில்லும் வைக்க வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஃபேனைச் செங்கல் சுவரில் வையுங்க, கம்பியைக் கூரை மரத்திலிருந்து தொங்கவிடுங்க. தகட்டை மாற்றுகிற எண்ணம் இருந்தால் நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கி, அமானோ தகடு (உலோகக் கூரைத் தகடு) போடுங்க. நடுவில் ஒரு வெளிச்சத் தகடு போட்டால் பகலில் லைட் தேவையில்லை. அதை டைல் வேலைக்கு முன் முடியுங்க.

கொட்டாஞ்சேனை13

சரி, வரிசையை எழுதிப் பார்க்கிறோம். கூரை. கபுக் சுவரைக் கொத்திக் காயவிடுதல். கழிவுப் பைப்புகள், தண்ணீர் லைன். கரண்ட். நிலச் சரிவு. நீர்த்தடுப்பு, 24 மணித்தியாலச் சோதனை. டைல். சுவர்ப் பூச்சு. மெஷின், பம்ப், கம்பி. ஏதாவது பிழையா?

நீர்மட்டம்

ஒன்று. கபுக் சுவரின் கீழ் ஒரு அடியை நீர்த்தடுப்புக்கு முன் பூச வேணும், கொத்தின கல்லின் மேல் தடுப்புப் பூச்சு ஒட்டாது. மேல் பகுதி மட்டும் பிறகு. டைல் இடுக்குச் சீமெந்தைக் கழுவ டைல் கிளீனர் பாவிக்கும்போது அதே நாளில் ப்ளீச் ஊற்ற வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சடைக்கிற வாயு வரும், அதுவும் இவ்வளவு சின்ன அறையில்.

மெஷினுக்குச் சரிவு நிலத்தில் நாலு காலும் சமமாக வராது. அந்த இடத்தில் மட்டும் 26×26 அங்குலத்துக்கு 4 அங்குல உயர மேடை ஒன்று கொங்கிரீட்டில் கட்டி, மேல் முகத்தை மட்டம் பிடியுங்க. ஓரத்தில் அரை அங்குல விளிம்பு விட்டால் நடுங்கி நகர்ந்தாலும் விழாது. நிமிர்ந்த பைப்பின் 75 சென்ரிமீற்றரை மேடையின் மேலிருந்து அளக்க வேணும், நிலத்திலிருந்து இல்லை.

குழாய்வேலை

சரியாகச் சொன்னீங்க, மேடை வந்தால் வாய் நிலத்திலிருந்து 85இல். மெஷின் தண்ணீர் வாயும் 10 சென்ரிமீற்றர் ஏறும், அழுத்தம் இன்னும் கொஞ்சம் குறையும். பம்ப் கட்டாயம்.

மெஷினை மேடையில் ஏற்ற முன் இரண்டு வேலை. பின்னால் இருக்கிற போக்குவரத்து போல்ட் எல்லாத்தையும் கழற்றி எடுத்து வையுங்க, வீடு மாறும்போது தேவை. அதைக் கழற்றாமல் ஓட்டினால் முதல் சுழற்சியிலேயே மெஷின் மேடையைவிட்டு நடக்கும். அடுத்தது, நிமிர்ந்த பைப்புக்குள் 20 லீற்றர் வாளித் தண்ணீரை ஒரு நிமிடத்துக்குள் ஊற்றுங்க. வாயில் பொங்காமல் இறங்கினால், பிறகு கலி மூடியைத் திறந்து வைத்து ஒருவர் அங்கே நிற்க, வெறும் டிரம்மோடு ஒரு முறை ஓட்டுங்க.

கொட்டாஞ்சேனை13

வெறும் டிரம்மோடு ஓட்டும்போது சவர்க்காரம் போட வேணுமா?

குழாய்வேலை

வேண்டாம். முதல் தரம் தெளிந்த தண்ணீர் மட்டும். நுரை இருந்தால் மூட்டில் கசிகிற சின்னத் துளி கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே காய்ந்த டிஷு ஒன்றை விரித்துவிட்டுத் தொடங்குங்க.